நார்த்தூளில் நின்ற கறிவேப்பிலை

எங்கள் ஊரில் ஒரு வீட்டைத் தள்ளி வைத்தால் அந்த வீட்டு நாய்கூட அடுத்த வீட்டுக்குப் போய்விடும் என்பார்கள். எங்கள் நாய் போகவில்லை. போனது என் புருஷன்தான்.

அவர் பெயர் உலகநாதன். பழவேற்காடு ஏரியில் எந்த இடத்தில் யார் என்றைக்கு வலை கட்டுவது என்று சீட்டுக் குலுக்கி முறை வைப்பது எங்கள் வழக்கம். அதற்குப் பாடு என்று பெயர். அடுத்தவன் பாட்டில் வலை கட்டுவதும் அடுத்தவன் உலையில் கை வைப்பதும் எங்களுக்கு ஒன்று. என் புருஷன் கட்டினார். கேட்டால், நீரோட்டம் வலையை இழுத்துக்கொண்டு போய்விட்டது என்றார். நீரோட்டம் வலையை இழுக்கும், கம்பைப் பிடுங்கி வேறு இடத்தில் நட்டு வைக்குமா என்று ஊர் கேட்டது. நியாயமான கேள்விதான்.

அம்மன் கோயில் முன்னால் சபையில் விழுந்து கும்பிட்டால் விட்டுவிடுகிறோம் என்றார்கள். முட்டி மடங்காது என்று சொல்லிவிட்டு இவர் பட்டணத்தில் காசிமேட்டுக்கு, லாஞ்சுப் படகு வேலைக்குப் போனார். என்னையும் கூப்பிட்டார்.

"தப்புப் பண்ணது நீ. ஓடறது நானா? வந்து வுழுந்துட்டு அப்புறம் கூப்புடு" என்றேன்.

அவர் வரவும் இல்லை, விழவும் இல்லை. ஊர் என் வீட்டைக் கட்டு வைத்தது. எழுபத்தேழாம் வருஷம் மாசி மாதம் அது.

கட்டு என்றால், என் வீட்டுக்கு யாரும் நெருப்புக் கொடுக்கக் கூடாது. ஊர்க் கிணற்றில் நான் தண்ணீர் சேந்தக் கூடாது. தீவை விட்டு அக்கரைக்குப் போகப் படகில் ஏற்றக் கூடாது, நல்லது கெட்டதுக்குக் கூப்பிடக் கூடாது, பேசவும் கூடாது. பேசினால் பேசினவர் வீட்டுக்கும் பாடு கிடையாது. பாடு போனால் அடுப்பு அணைந்த மாதிரிதான், அதனால் யாரும் பேசத் துணிய மாட்டார்கள். நானே போய் விழலாம் என்றால் பெண்பிள்ளை விழுந்தால் செல்லாதாம். மடங்க வேண்டிய முட்டி காசிமேட்டில் இருந்தது.

நெருப்புக்குத் தீப்பெட்டி இருக்கிறது. தண்ணீருக்கு வீட்டின் பின்னால் மணலில் ஊற்றுத் தோண்டிக்கொண்டேன். என் புருஷன் விட்டுப்போன சின்னக் கட்டுமரத்தைக் கோல் ஊன்றித் தள்ளிக்கொண்டு அக்கரைக்குப் போய் வரக் கற்றுக்கொண்டேன். பேச்சுக்குத்தான் வழியில்லை. பவுனம்மாள் மீன் கூடையோடு வந்தால் தெரு முனைக்கு வருவதற்குள் வீட்டுக்குள் தெரியும் என்பார்கள். அப்படிப்பட்ட வாய் எனக்கு. வாயுள்ள பிள்ளை பிழைக்கும் என்று சொன்னவன் என் நிலைமையில் இருந்து பார்த்திருக்க வேண்டும். பக்கத்து வீட்டு டிரான்சிஸ்டரில் சாயந்திரம் ஒரு பெண் குரல் "நேயர்களுக்கு வணக்கம்" என்று சொல்லும். வேலியோரம் நின்று நானும் வணக்கம் என்பேன். எனக்கு வணக்கம் சொல்ல வேறு ஆள் இருக்கவில்லை.

வயிற்றுப்பாட்டுக்குப் பழவேற்காட்டில் ஜைனம்பு பீவியின் கயிற்றுக் கொட்டகைக்குப் போனேன். ஏரிக்கரைக் குழிகளில் மாதக் கணக்கில் ஊறிய தேங்காய் மட்டையை அடித்து நார் எடுக்கிற வேலை. நாரைத் திரித்துக் கயிறாக்குவார்கள். அடிக்கும்போது உதிர்கிற தூளைக் கொட்டகைக்குப் பின்னால் கொட்டுவார்கள். வேலை செய்கிற பெண்கள் எல்லாரும் எங்கள் சுற்றுப்பட்டுக் குப்பங்கள்தான். கட்டு அவர்களுக்கும் உண்டு. மட்டையை அடித்தபடி அவர்களுக்குள் பேசிச் சிரிப்பார்கள், நான் மட்டையோடு பேசுவேன். ஜைனம்பு பீவி மட்டும் வரும்போதும் போகும்போதும் இரண்டு வார்த்தை கேட்பார்கள். நல்ல மனுஷி. ஆனாலும் யார் வீட்டில் மாமியார் மருமகள் சண்டை, யார் வலையில் இறால் அள்ளியது என்றெல்லாம் அந்த அம்மாவோடு பேச முடியுமா? என் ஊர்க் குரல் எனக்கு வேண்டியிருந்தது.

ஒரு நாள் கொட்டகைக்குப் பின்னால் ஒதுங்கப் போனபோது பழைய தூள் மேட்டில் ஒரு தக்காளிச் செடி நிற்பதைப் பார்த்தேன். யாரோ தின்று துப்பிய விதை. யாரும் தண்ணீர் ஊற்றவில்லை, மழை பெய்தும் நாளாகியிருந்தது. செடி அப்படியே கொழுத்து, காயோடு நின்றது. தூளில் கையை விட்டேன். உள்ளே ஈரம். ஒரு பிடி எடுத்துப் பிழிந்தால் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர்!

எங்கள் தீவில் மண் என்று ஒன்று கிடையாது. உப்பு மணல். அதில் ஊற்றிய தண்ணீர் ஊற்றிய கையைக்கூடத் திரும்பிப் பார்க்காது. அடம்புக்கொடியும் உப்புப் பூண்டும் தவிர எதுவும் முளைக்காது. மீன்குழம்புக்குக் கறிவேப்பிலை வேண்டுமென்றால் யாராவது அக்கரைக்குச் சந்தைக்குப் போகும்போது வாங்கி வந்து, அது வாடி வதங்கி, பாதி காம்பாகக் கொதிக்கும். அந்தத் தூளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபோது எனக்கு ஒன்று தோன்றியது. என் வீட்டில் ஒரு கறிவேப்பிலைச் செடி நின்றால், எவளாவது ஒருத்தி, குழம்பு கொதிக்கிற அவசரத்திலாவது, "அக்கா, ரெண்டு இணுக்கு குடு" என்று வந்து நிற்க மாட்டாளா?

அவ்வளவுதான் என் ஆசை. வேண்டும்போது போட்டுக்கொண்டு, தின்னும்போது ஒதுக்கி வைக்கிற கறிவேப்பிலை என்று பழிப்பார்கள். என்னை ஒதுக்கியாயிற்று, இனி எடுத்துப் போட்டுக்கொள்வதுதான் பாக்கி என்று நினைத்துக்கொண்டேன்.

ஜைனம்பு பீவியிடம் கேட்டதற்கு, "தூளா? குப்பையத்தான கேக்கற? எவ்ளோ வேணும்னாலும் அள்ளினு போ" என்றார்கள். கொல்லையில் நின்ற கறிவேப்பிலை மரத்தடியில் முளைத்த பக்கக் கன்று ஒன்றையும் பெயர்த்துக் கொடுத்தார்கள்.

பழைய மேடு கெட்டிப்பட்டிருந்தது. புது மேட்டில் அள்ளுவது சுலபம். கோணியில் புதுத் தூளாக அள்ளிக்கொண்டு வந்தேன். நீளமான நாரையெல்லாம் சலித்து எடுத்தேன். மட்டை ஏரித் தண்ணீரில் ஊறியது, உப்பு இருக்கும் என்பது எனக்கும் தெரியும். நான் ஒன்றும் அசடு இல்லை. பழைய அண்டாவில் தூளைப் போட்டு என் ஊற்றுத் தண்ணீரை ஊற்றி மிதித்தேன். தேநீர் நிறத்தில் சாயம் இறங்கியது. வடித்தேன், மறுபடி ஊற்றினேன், மறுபடி மிதித்தேன். சாயம் போய்த் தண்ணீர் தெளிந்த பிறகு ஒரு பிடி பிழிந்து நாக்கில் விட்டுப் பார்த்தேன். உப்பு இல்லை. நன்றாகவே இருந்தது.

கன்றை நட்டேன். அந்த வாரமே இலை நுனி தீய்ந்தது. பிறகு ஓரம் சுருண்டது. பிறகு காற்றடித்தால் போதும், ஒவ்வொன்றாக உதிர்ந்தது. இன்னொரு கன்று கேட்டு வாங்கினேன். அதுவும் அதே வழியில் போனது. "நீயும் ஊரோட சேந்துனியா?" என்று குச்சியைப் பிடுங்கி ஏரியில் எறிந்தேன்.

மூன்றாவது கன்று கேட்கப் போனபோது ஜைனம்பு பீவி விடவில்லை.

"கன்னு நல்ல கன்னுதான். நீ இன்னா பண்ற? அந்தத் தூள எடுத்துனு வா, பாக்கலாம்" என்றார்கள்.

கழுவி வைத்த தூளை ஈரத்தோடு மடியில் கட்டிக்கொண்டு போய்க் கொடுத்தேன். பிழிந்து ஒரு சொட்டு நாக்கில் வைத்தார்கள். உடனே துப்பினார்கள்.

"யா அல்லா! ஒரே உப்பு. எந்தத் தண்ணில கழுவன?"

"எங்க ஊத்துத் தண்ணிதான் பீவிம்மா. நல்லாத்தான கீது? நான் அதத்தான குடிக்கறேன்."

அந்த அம்மா உள்ளே போய்த் தங்கள் வீட்டுக் கிணற்றுத் தண்ணீரை ஒரு சொம்பில் கொண்டுவந்தார்கள். "இத்தக் குடி" என்றார்கள்.

குடித்தேன். முதல் வாய் எனக்கு ஒன்றுமே இல்லாதது போல இருந்தது, சப்பென்று. இரண்டாவது வாயில்தான் தெரிந்தது, இது தண்ணீர், இதுதான் தண்ணீர் என்று. ஊர்க் கிணற்றுத் தண்ணீரும் இப்படித்தான் இருக்கும். நான் மறந்துபோயிருந்தேன். உவர் ஊற்றையே குடித்துக் குடித்து உப்பு எது, நல்லது எது என்று என் நாக்குக்கு வித்தியாசம் தெரியாமல் போயிருந்தது. கட்டு வைத்தவர்கள் வீட்டைத்தான் தள்ளி வைத்தார்கள் என்று நினைத்திருந்தேன். வாய்க்குள்ளேயே வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். அந்த அம்மா முன்னால் வாய்விட்டு அழுதேன்.

"அழுதா கண்ணீரும் உப்புதான். மழை வரட்டும்" என்றார்கள் ஜைனம்பு பீவி.

ஐப்பசி வரை காத்திருந்தேன். இந்த முறை பழைய மேட்டைக் கொத்தி எடுத்தேன். பல மழை பார்த்த தூள் அது, கறுத்துப்போய் மண் வாசம் அடித்தது. அதையும் நம்பவில்லை. கிழிந்த வலையை மடித்து நாலு கம்பில் தொட்டில் மாதிரி கட்டி, அதில் தூளைப் பரப்பி, வானத்தைப் பார்த்துத் திறந்து வைத்தேன். மழை கொட்டக் கொட்டக் கையால் புரட்டிவிட்டேன். ஊருக்கெல்லாம் மழை வீட்டுக்குள் உட்கார வைக்கிற விஷயம், என்னை வெளியே இழுத்து நனைய வைத்தது. வேலிக்கு அந்தப் பக்கம் சிரிப்புச் சத்தம் கேட்டது. சிரிப்பைக் கட்டில் சேர்க்க மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது.

என் நாக்கை நம்பவும் எனக்கு மனசில்லை. ஜைனம்பு பீவி வீட்டுத் தண்ணீரை ஒரு புட்டியில் வைத்துக்கொண்டேன். முதலில் அதில் வாய் கொப்பளிப்பேன், பிறகு தூளைப் பிழிந்து ஒரு சொட்டு, மறுபடி புட்டித் தண்ணீர். இரண்டும் ஒன்றாகத் தெரிகிற வரை மழையில் விட்டேன். பிறகு ஆட்டுப்புழுக்கையைப் பொடித்துப் போட்டேன், கரையில் கிடக்கிற கிளிஞ்சலை இடித்துக் கொஞ்சம் போட்டேன். கையில் பிடித்தால் பிடியாக நிற்க வேண்டும், விரலால் தட்டினால் உதிர வேண்டும், பிழிந்தால் ஒழுகக் கூடாது. அந்தப் பதம் வந்ததும் பழைய மூங்கில் இறால் கூடைக்குள் கிழிசல் வலையைச் சுற்றி, தூளை அமுக்காமல் நிரப்பி, கன்றை நட்டுக் கூரை நிழலில் வைத்தேன்.

கன்று பிழைத்துக்கொண்டது.

கார்த்திகைக்குப் பிறகு மழை நின்றது. கொட்டகையிலிருந்து திரும்பும்போது ஜைனம்பு பீவி வீட்டுக் கிணற்றில் ஒரு குடம் சேந்திக் கட்டுமரத்தில் வைத்துக்கொண்டு வருவேன். எனக்குக் குடிக்க, செடிக்கு ஒரு டம்ளர். மணலாக இருந்தால் குடம் குடமாகக் குடித்துவிட்டு ஏப்பம்கூட விடாது. நார்த்தூள் ஒரு டம்ளரை வாங்கி மறுநாள் வரை மடியில் வைத்திருக்கும். செடிக்குத் தண்ணீர் ஊற்றும்போது ஊர்க்கதையெல்லாம் அதற்குச் சொல்வேன். செடியோடு பேசுகிறவளைப் பைத்தியம் என்பார்கள். அப்படிச் சொல்வதற்காவது ஒருத்தி வந்தால் நன்றாக இருக்குமே என்று நினைப்பேன். தை மாதம் இலை வெளுத்தது. இன்னும் கொஞ்சம் புழுக்கை போட்டதும் பச்சை திரும்பியது. மறு ஆடிக்குள் என் இடுப்பு உயரத்துக்கு வந்து, நாலு பக்கமும் தழைத்து நின்றது.

கூடையை வேலிக்கு வெளியே, எல்லாரும் கிணற்றுக்குப் போகிற பாதையோரம் கொண்டுபோய் வைத்தேன்.

ஒரு காலையில் பார்த்தால் இரண்டு இணுக்கு குறைந்திருந்தது. ஆடு கடித்தால் குதறியிருக்கும். இது நகத்தால் கிள்ளியது. எனக்கு வந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல! திருட்டுப் போனதற்கு அம்மனுக்குச் சூடம் ஏற்றியவள் நான் ஒருத்திதான். மறுநாளும் குறைந்தது. யார் என்று பார்க்கவேண்டுமென்றிருந்தது. பார்த்தால் வராமல் போய்விடுவார்களோ என்று வெளியே வராமல் இருந்தேன்.

காட்டிக்கொடுத்தது குழம்பு. மதகொண்டை மீன் குழம்பில் பச்சைக் கறிவேப்பிலை விழுந்தால் அந்த வாசனையை எந்தக் கதவு சாத்தி மறைப்பது? பக்கத்து வீட்டிலிருந்து வாசனை தெருவெல்லாம் போனது. அந்த வீட்டு மருமகள் காந்தா, சுண்ணாம்புக்குளத்திலிருந்து வாக்கப்பட்டு வந்தவள். சந்தைக்கு யாரும் போகாத நாளில் இலை எங்கிருந்து வந்தது என்று ஒருத்தி கேட்க, இன்னொருத்தி என் கூடையைக் காட்ட, ஊர்க்கூட்டம் கூடிவிட்டது.

எங்கள் பெரியதனக்காரர் தெய்வசிகாமணி. அவர் வீட்டிலும் மீன்குழம்புதானே வைக்கிறார்கள். என் வீடு வரை கேட்கட்டும் என்று குரலை உயர்த்தித் தீர்ப்புச் சொன்னார்.

"கட்டு மன்சாளுக்குத்தான். செடிக்கு இன்னா கட்டு? பாதைல கீது, பறிச்சுக்கட்டும். ஆனா அந்த வூட்டு ஆள் கையால வாங்கக் கூடாது, ஒரு பேச்சு பேசக் கூடாது. எவ பேசினாலும் அவ வூட்டுக்குப் பாடு கெடையாது. அவ்ளோதான்."

அன்றிலிருந்து எல்லாரும் வந்தார்கள். பட்டப்பகலில் வந்தார்கள். நான் வாசலில் உட்கார்ந்திருப்பேன். குனிந்து இரண்டு இணுக்கு கிள்ளி முந்தானையில் போட்டுக்கொண்டு, என் பக்கம் திரும்பாமல் போவார்கள். என் கல்யாணத்துக்கு நலங்கு வைத்தவள், நான் பிரசவம் பார்த்தவள், எல்லாரும். முன்பு யாரும் வராத வாசலில் தனியாக இருந்தேன். இப்போது ஊரே வந்து போகிற வாசலில் தனியாக இருந்தேன். இதற்கு அதுவே தேவலாம். ஊரோடு பகைக்கின் வேரோடு கெடும் என்பார்கள். வேர் பிடித்தும் கெட்டுப்போக முடியும் என்று அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் பொறுக்க முடியவில்லை. கூடையைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குள் வந்துவிட்டேன். மண்ணாக இருந்தால் இரண்டு ஆம்பிளை வேண்டும். நார்த்தூள் என்பதால் ஒருத்தியாகத் தூக்க முடிந்தது. கதவுக்கு உள்பக்கம், வெளியிலிருந்து பார்த்தால் தெரிகிற இடத்தில் வைத்தேன். இலை வேண்டுமா, வாயைத் திற. கேட்டு வாங்கு.

பாதையில் வருகிறவர்கள் வெறும் இடத்தைப் பார்த்தார்கள். கதவைப் பார்த்தார்கள். போனார்கள். ஊர் முழுக்கக் கறிவேப்பிலை இல்லாமல் குழம்பு வைத்துத் தின்றது. நான் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தே இருந்தேன். கொட்டகைக்குப் போகவில்லை. யாராவது கேட்டால் முதலில் இரண்டு திட்டு திட்ட வேண்டும், அப்புறம் உட்கார வைக்க வேண்டும், அப்புறம் ஒரு கை நிறையக் கொடுக்க வேண்டும் என்று மனசுக்குள் ஒத்திகை பார்த்தபடி இருந்தேன்.

ஒரு சாயந்திரம் வாசலில் நிழல் விழுந்தது. காந்தா. மசக்கை. அதற்கு முந்தின நாட்களில் அவள் வேலிக்கு அந்தப் பக்கம் வாந்தியெடுப்பதைக் கேட்டிருந்தேன். மாமியார் வைத்த குழம்பு வாடை பிடிக்கவில்லை என்று அழுததையும் கேட்டிருந்தேன். முகம் வற்றி, உதடு உலர்ந்து, வாசல்படியில் கையை ஊன்றி நின்றாள். பார்வை செடிமேல் இருந்தது.

"அக்கா" என்றாள்.

என்னைத்தான் கூப்பிட்டாள்.

"அக்கா, ரெண்டு இணுக்கு குடேன். வாய்க்கு ஒண்ணுமே புடிக்க மாட்டேங்குது."

நான் ஆசைப்பட்டதைவிட ஒரு வாக்கியம் அதிகமாகவே கிடைத்தது. எழுந்தேன். வாய்வரை வந்துவிட்டது: வாடி, உள்ள வா, உக்காரு, எத்தன மாசம், இன்னா தின்ன காலைல. அவள் தோளுக்கு மேலாகக் கரையில் பார்த்தேன். வலை பின்னிக்கொண்டிருந்தவர்களின் கைகள் நின்றிருந்தன. தெய்வசிகாமணியின் தம்பி தலையைத் தூக்கி என் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் முணுமுணுத்தது அவ்வளவு தூரம் கேட்டிருக்காது. பார்க்கத்தான் செய்திருப்பார்கள். ஆனால் நான் ஒரு வார்த்தை பதில் சொல்லி, அவள் தலையாட்டினால் போதும், அது பேச்சாகிவிடும். அவள் புருஷனுக்குப் பாடு இருக்காது. அப்புறம் மசக்கையும் வயிறுமாக அவளும் மணலில் ஊற்றுத் தோண்டிக் குடிப்பாள். அந்தத் தண்ணீர் எப்படியிருக்கும் என்று எனக்குத் தெரியும்.

காந்தா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை. கூடையைத் தூக்கினேன். யாரும் இல்லாத வாசலைக் கடப்பது போல அவளைக் கடந்து போய், வேலிக்கு வெளியே, பாதையோரம் வைத்தேன். கரையில் இருக்கிறவர்களுக்குக் கேட்கட்டும் என்று காறித் துப்பினேன். அவள் முகம் சுண்டிப்போனது. என்ன செய்ய?

உள்ளே வந்து கதவைச் சாத்தி, அதன்மேல் சாய்ந்துகொண்டேன். இணுக்கு ஒடிகிற சத்தம் கேட்டது. ஒன்று. இரண்டு. அதோடு நின்றுவிட்டது.

"இன்னும் எடுத்துக்கோடி" என்றேன், கதவுக்கு மட்டும் கேட்கிற மாதிரி. "நெறைய எடுத்துக்கோ."